பூட்டப்பிள்ளைக்குப் பல் முளைத்தது

2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஆடி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், வெள்ளவத்தை வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தபோது பேத்தி யாழ்ப்பாணத்தில் இருந்து போன் எடுத்தாள். "அம்மம்மா, தம்பிக்குக் கீழ்ப்பல் ஒண்டு வெளிக்கிட்டிட்டுது. விரலை வைச்சால் குத்துது." அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மாதப் பிள்ளை. என் மூத்தவளின் மகளுக்கு மகன், எனக்குப் பூட்டப்பிள்ளை. ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லி, பஞ்சாங்கம் பார்த்து 20ஆம் திகதி புதன்கிழமையை முதற்பல்லுக்குச் செய்கிற பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு வைத்தோம். அடுத்த நாள் நல்லூர்த் தேர்.

இன்று ஆவணி முதலாம் நாள். நானும் மூத்தவளும் கோட்டையில் யாழ்தேவி ஏறிவிட்டோம். போனில் தமிழ் எழுதப் பேத்திதான் எனக்குப் பழக்கித் தந்தவள். ஒவ்வொரு நாளும் நடந்ததை எழுதிப் போடுங்கோ, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரும் வாசிப்பினம் என்று சொல்லியிருக்கிறாள். 73 வயதில் நாட்குறிப்பு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. ஆனால் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்கு எழுதுவது பாரமான வேலை இல்லை.

என் மடியில் ஒரு பை. மேலே தட்டில் வை அம்மா என்று மகள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். அதற்குள் எங்கள் ஊர் வசாவிளானில் உள்ள காணியின் உறுதிப்பத்திரம் இருக்கிறது. 1973இல் என் கலியாணத்துக்கு அம்மா சீதனமாக எழுதித் தந்தது. ஆறு பரப்பு, கல்வீடு, கிணறு, பதினொரு தென்னை. எங்கள் தேசவழமைப்படி வீடு பெண்பிள்ளைக்குப் போகும். அந்த முறையில் அது 1997இல் மூத்தவளுக்குப் போயிருக்கவேண்டும். அப்போது காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. உள்ளே போக முடியாத காணியை வாங்கி என்ன செய்வது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதில் பிழையும் இல்லை. நகையாகக் கொடுத்தோம். உறுதி என் பையிலேயே தங்கிவிட்டது.

போன பங்குனியில் இந்தப் பையை நான் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,900க்கும் மேற்பட்ட ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்று. எங்கள் துண்டு அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரிந்த பிறகும் நித்திரை வரவில்லை. பாதிப்பேர் வெளிநாட்டில், உறுதிகள் எரிந்தும் நனைந்தும் போய்விட்டன, மூன்று மாதத்தில் யார் எதைக் காட்டுவது? யூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபோதுதான் பை அலுமாரிக்குப் போனது.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூனோடு யாழ்ப்பாணம் போவதை நிறுத்தியது. அதே யூன் நடுப்பகுதியில்தான் நாங்கள் வசாவிளானை விட்டு ஓடினோம். தண்டவாளத்தைக் கழற்றினார்கள், சிலிப்பர்க் கட்டைகள் பங்கருக்குப் போயின. பிறகு இந்தியாவின் கடனில் திரும்பப் போட்டு, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்தது. அந்த இருபத்துநாலு வருசத்துக்குள்தான் என் பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்து, கட்டி, பிரிந்து போனார்கள்.

ஆனையிறவு தாண்டி உப்பு வெளி முடிந்து பனைகள் தொடங்கியதும் மகள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். கொடிகாமத்தில் வண்டி நின்றது. என் கடைக்குட்டி பெரியபிள்ளையானது இந்த ஊரில்தான். 1995 ஒக்டோபர் 30, சண்டை நெருங்கி வர வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். மழை. லட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பாலத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நகர முடியாது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மூலை கிடைத்தது. நாலாம் நாள் பிள்ளை வந்து என் காதுக்குள் சொன்னாள். பதின்மூன்று வயது. பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டி அவளை அதற்குப் பின்னால் இருத்தினேன். நல்லெண்ணெய் ஒரு சோடாப் போத்தல் மூடியளவு கிடைத்தது. முட்டை ஒன்றை அடுத்த பாயில் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு மனுசி கொண்டுவந்து தந்தாள். உழுத்தம்மாக் களிக்கு மா இல்லை. தண்ணி வார்க்க மாமி முறையில் யாரும் இல்லை, அந்த மனுசியே வார்த்தாள்.

அவளை நான் பிறகு காணவே இல்லை. கொடிகாமம் வந்தால் மேடையில் நிற்கிற வயதான பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். இன்றும் பார்த்தேன்.

நாவற்குழி கடந்தபோது வெளியே, மனிதப் புதைகுழி வெளிப்பட்ட செம்மணி வெளி தெரிந்தது. மகள் யன்னல் பக்கம் இருந்த என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்று கேட்டாள். யாழ்ப்பாணம் வர இன்னும் பத்து நிமிசம்தான் இருந்தது.


ஓகஸ்ட் 18, திங்கள்

கொக்குவிலில் பேத்தி வீடு. பிள்ளை முதலில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான். சரி, சொந்தம் பிடித்துவிட்டான்.

பல்லைப் பார்க்க விடவில்லை. நாக்கால் மறைக்கிறான். விரலை உள்ளே விட்டுத் தடவினேன். கழுவின பச்சையரிசியில் ஒன்று ஈறில் ஒட்டியிருக்கிற மாதிரி.

இன்று வடக்கு கிழக்கில் கடையடைப்பு. இராணுவத்தை இங்கு இப்படிக் குவித்து வைத்திருப்பதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி அழைத்திருந்தது. மூலைக் கடைக்காரத் தம்பி ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். பயறு இரண்டு கிலோ, பனங்கட்டி ஆறு குட்டான், ஏலக்காய். அந்தக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் இதைத்தான் கதைத்தார்கள். போன வருசம் நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றை, ஆட்சியைப் பிடித்த தேசிய மக்கள் சக்தி எடுத்தது. என் வயதில் தெற்கின் கட்சி ஒன்று இங்கே முதலாவதாக வந்து நான் கண்டதில்லை. ஒருவர், "பலாலி ரோட்டைத் திறந்து விட்டவங்கள் தானே" என்றார். மற்றவர், "ரோட்டைத்தான் திறந்தவை, காணியை இல்லை" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. நான் பயறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் மகன் வந்தான். ரொறன்ரோவில் இருந்து சென்னை, சென்னையில் இருந்து பலாலி. சின்ன விமானம், ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். படலையைத் திறந்துகொண்டு வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே, "அம்மா, எங்கட வளவுக்குப் பின்பக்கம் வந்து இறங்கியிருக்கிறன்" என்றான். உண்மைதான். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த அந்த ஓடுபாதைக்கும் எங்கள் கிணற்றடிக்கும் நடந்து போகிற தூரம். 19 வயதில் இந்த மண்ணை விட்டுப் போனவன். 2008இல் அவனுடைய கலியாணத்தை நான் கொழும்புக்குப் போய்ச் சேரக்கூட வழியில்லாமல் டிவிடியில்தான் பார்த்தேன். இப்போது 47 வயது, முன்தலையில் மயிர் இல்லை. பிள்ளையைத் தூக்கியதும் அழுதான், பிள்ளை இல்லை, இவன்.


ஓகஸ்ட் 19, செவ்வாய்

இன்று வசாவிளான்.

காலை எட்டு மணிக்கு வான் வந்தது. நான், மூத்தவள், மகன். பேத்தி பிள்ளையோடு வீட்டில். கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று பலாலி வீதியில் ஏற ஏற மண் சிவந்துகொண்டே போகும். செம்பாட்டு மண். இரண்டு பக்கமும் வாழை, வெங்காயத்தறை, நடுவில் மோட்டர் போட்டு இறைக்கிற சத்தம். மழை பெய்தால் இந்த மண் செருப்பில் அப்பிக்கொண்டு வீடு வரை வரும். சின்ன வயதில் அதற்காகவே அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

வசாவிளானுக்கு அப்பால் போகிற வீதி இந்த வருசம் ஏப்ரல் 10ஆம் திகதிதான் திறந்தது, புதுவருசத்துக்கு நாலு நாள் முன்னம். முப்பத்துநாலு வருசத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. காலை ஆறில் இருந்து பின்னேரம் ஐந்து வரை போகலாம். இடையில் நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது. நடந்து போகக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. ட்ரைவர்த் தம்பி இதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். நான், "தம்பி, நாற்பதுக்குக் குறைய ஓடலாம்தானே" என்று கேட்டேன். "ஓமம்மா, ஆனா நிண்ட மாதிரி ஓடேலாது" என்றார்.

எங்கள் காணி வீதிக்கரைக் காணி. அடையாளத்துக்கு ஒரு வாசிகசாலையும் ஒரு சங்கக்கடையும் இருந்தன. இரண்டும் இல்லை. மதில் இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எது என்று தெரியவில்லை. முள்ளுக்கம்பியும் பற்றையும்தான். மகன் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தான். காணியின் எல்லையை அவன் கனடாவில் இருந்தே, பழைய நில அளவைப் படத்தை வைத்துக் குறித்துச் சேமித்திருக்கிறான். நீலப்புள்ளி ஒன்று வீதியில் நகர்ந்துகொண்டு போனது. நான் அந்தப் புள்ளியையே பார்த்தேன். "இப்ப வருது... இப்ப. இதுதான் அம்மா, எங்கட வளவு" என்றான். புள்ளி கோட்டைத் தொட்டது, கடந்தது. மூன்று நாலு விநாடி. நிமிர்ந்து பார்த்தபோது வான் வேறு யாருடைய காணியையோ தாண்டிக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து வருசம் காத்திருந்து, வந்த நேரத்தில் போனைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. மூத்தவள் என் கையைப் பிடித்தாள்.

பலாலிச் சந்தி வரை போய், அங்கே திருப்பி, அதே வீதியால் வந்தோம். இந்த முறை மகன் சத்தமாக எண்ணினான், நான் வெளியே மட்டும் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பற்றை. அதற்குள் ஒரு பனை. எங்கள் வளவில் பனை இருக்கவில்லை. யாரும் நட்டிருக்கமாட்டார்கள், விதை விழுந்து தானாக வந்திருக்கும். நான் போனபோது இல்லாத மரம் இப்போது கூரையை விட உயரம். கூரை இருந்திருந்தால். அதன் அடியில் சீமெந்து நிறத்தில் ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. கிணற்றுக்கட்டு என்று நான் சொல்கிறேன். மகள் அது வெறும் கல் என்கிறாள். அவள் கண் என்னுடையதை விடத் தெளிவு, ஆனால் அந்தக் கிணற்றில் நாற்பது குடம் அள்ளினவள் நான்.

1975இல் இந்த மூத்தவளுக்குப் பல் வந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணியில்தான் அம்மா மா குழைத்தா. முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையைப் பலகையில் இருத்தி, மச்சாள் கொழுக்கட்டையைச் சுளகோடு தலையில் கொட்ட, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் விழுந்து பொறுக்கினார்கள். மகனுக்கும் கடைக்குட்டிக்கும் அங்கேதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது ஒன்றுக்கும் திகதி நாங்கள் வைக்கவில்லை. மூத்தவளின் தாலிகட்டு ஊரடங்குக்கு முன்னம் முடியவேண்டும் என்று பகலோடு பகலாக நடந்தது. என் அவர் 2007இல் போனார். அதற்கு முந்தின வருச ஓகஸ்டில், யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையைப் பூட்டியாயிற்று. மூத்தவள் கொழும்பில் கப்பலுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு நின்றாள், மகன் கனடாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். கொள்ளி வைத்தது தம்பியின் மகன். இந்தப் பேத்திக்குப் பல்லுக்கொழுக்கட்டை 1999இல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில். மண்ணெண்ணெய் அடுப்பில் அவித்துக்கொண்டு இருந்தபோது பொலிஸ் பதிவு பார்க்க வந்து கதவைத் தட்டினார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் கொழுக்கட்டை எல்லாம் வெடித்துப்போயிருந்தது.

நாளைக்கு நடக்கப்போவதற்கு ஒரு பல் நாள் குறித்திருக்கிறது. ஊரடங்கோ, பாதை பூட்டலோ, விசாவோ குறிக்கவில்லை. இதை வானுக்குள் மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, தலையாட்டினான்.

சந்திக்கு இப்பால், விட்டுக்கொடுத்த காணிகளில் சனம் வந்து இருக்கிறது. இன்னும் பூச்சுப் பூசாத ஒரு புது வீட்டில் ஒரு பெண், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தா. வானை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "பிள்ளை, உங்கட கிணத்தில கொஞ்சம் தண்ணி தருவீங்களோ" என்றேன். "குடிக்கவோ அம்மா, வாங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்றா. விசயத்தைச் சொன்னேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தோய்ச்ச வாளியை ஒதுக்கி, வேறு வாளியை இரண்டு தரம் அலசி, புதுசாக அள்ளித் தந்தா. இரண்டு போத்தல்.

எங்கள் ஊரில் ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கல்லின் பொந்துகளுக்குள் தேங்கி, ஒன்றோடு ஒன்று தொடுத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாக் கிணறும் அதில்தான் குடிக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படம் கீறி எத்தனை தரம் படிப்பித்திருப்பேன். கம்பிக்கு அங்கால் இருக்கிற தண்ணிதான் இங்காலும் இருக்கிறது.


ஓகஸ்ட் 20, புதன்

விடிய நாலு மணிக்கு அடுக்களையில் வெளிச்சம். பயறை நேற்றிரவே வறுத்துக் கோது நீக்கி அவித்தாயிற்று. தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துக் கிளறி, உள்ளே வைக்கிற உள்ளுடன் ஆறி இருந்தது. வறுத்த அரிசிமாவை அரிதட்டில் அரித்து, வசாவிளான் தண்ணியைக் கொதிக்க வைத்து ஊற்றி, அகப்பைக்காம்பால் கிண்டினேன். கொதி சரியாக இல்லாவிட்டால் மா வெடிக்கும். கை பொறுக்கிற சூட்டில் குழைக்கவேண்டும். என் கை இப்போது அவ்வளவு பொறுக்காது, மகள் குழைத்தாள்.

பல்லுப் பிடிக்க ஒரு அக்கா வந்தா. நாங்கள் கொக்குவிலில் வாடகைக்கு இருந்த காலத்தில் அடுத்த வளவு. என்னை விட நாலைந்து வயது கூட. வட்டமாகத் தட்டின மாவில் உள்ளுடன் வைத்து, மடித்து, அரைவட்டத்தின் விளிம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுள்ளி நுள்ளிப் பல் மாதிரி எடுக்கவேண்டும். முன்பக்கம் தேங்காய்ச் சொட்டுகளை மெல்லிசாகக் கீறிப் பல்லாகப் பதிக்கவேண்டும். அந்த அக்கா ஒரு கொழுக்கட்டைக்குப் பதினாலு பல் எடுப்பா. எல்லாம் ஒரே அளவு.

அக்காவின் மகனும் என் மகனும் ஒரே வகுப்பு. 1996இல் ஒரு காலைப்பொழுது சைக்கிளில் கோதுமை மா வாங்கப் போனவன். சைக்கிளும் வரவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. நுள்ளிக்கொண்டே அக்காதான் சொன்னா. இந்த மாதம் ஐந்தாம் திகதி செம்மணிக்குப் போனவாவாம். பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. மே மாதத்தில் இருந்து நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டினார்கள். இந்த மாத முதல் வாரத்துக்குள் 140க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். கூடவே வந்த உடுப்புகளையும் பொருள்களையும் அன்றைக்குச் சனத்துக்குக் காட்டினார்கள், யாராவது அடையாளம் சொல்வார்களோ என்று.

"சேட்டுத் துண்டுகள், செருப்பு, காப்பு. வரிசையில நிண்டு பார்த்தனான். எங்கட இல்லை."

நுள்ளிய கொழுக்கட்டையை நீத்துப்பெட்டியில் வைத்தா. அடுத்த உருண்டையை எடுத்தா.

"உடுப்பு உக்கிப்போகும்தானே. அவனுக்கு முன்பல்லில ஒரு மூலை உடைஞ்சது. உங்கட மகனோட ஓடிக் கிணத்துக்கட்டில விழுந்தவன், ஞாபகமோ? அதை மட்டும்தான் நான் அங்க நிண்ட டொக்டர்ப் பிள்ளையிட்டச் சொன்னனான். எழுதி எடுத்தவ."

எனக்கு ஞாபகம் இருந்தது. இரத்தத்தோடு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தான், தாய் ஏசுவா என்று. வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒரு கரண்டி சீனி கொடுத்து அனுப்பினேன்.

செம்மணியில் நீலப் புத்தகப்பையோடு நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்றும் கிடந்தது. சின்னப்பிள்ளை என்றால் வயதைப் பல்லை வைத்துத்தான் கணிப்பார்கள், எது முளைத்தது, எது இன்னும் ஈறுக்குள் இருக்கிறது என்று பார்த்து. இதை நான் பேப்பரில் வாசித்த நாளில் இருந்து மனதில் வைத்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை. அடுப்பில் தண்ணி கொதித்தது. முதல் அடுக்கை ஏற்றினோம்.

சுப நேரம் ஒன்பதே கால். பிள்ளைக்குச் சின்ன வேட்டி. வெள்ளைத் துணி, பலகை, நிறைகுடம், குத்துவிளக்கு. முன்னால் தட்டத்தில் கண்ணாடி, புத்தகம், பேனை, சங்கிலி, காசு. நான் பையைத் திறந்து உறுதியை எடுத்து அந்தத் தட்டத்தில் வைக்கப் போனேன். அதை நான் கொழும்பில் வெளிக்கிடும்போதே நினைத்து வைத்திருந்தேன். பேத்தி, "ஐயோ அம்மம்மா, கிழிச்சுப்போடுவான்" என்றாள். அது சரிதான், கையில் எது கிடைத்தாலும் வாய்க்குள்தான். ஆனால் மூத்தவள் என் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "அம்மா, அவனுக்கு இதை வைக்கவேண்டாம்."

எனக்கு மனம் நொந்தது. சபையில் ஒன்றும் கதைக்கவில்லை, திரும்பப் பைக்குள் வைத்தேன்.

மாமி முறையில் பேத்தியின் புருசனின் தங்கை கொழுக்கட்டையைச் சொரிந்தா. பிள்ளை முதலில் திடுக்கிட்டு, பிறகு தலையில் விழுந்ததெல்லாம் மடியில் உருள்வதைப் பார்த்துக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். அப்போதுதான் எல்லோருக்கும் பல் தெரிந்தது. கடைக்குட்டி லண்டனில் இருந்து வீடியோவில், "இன்னொருக்காக் காட்டுங்கோ, இன்னொருக்கா" என்று கத்தினாள். அங்கே அவளுக்கு விடியவும் இல்லை. தட்டத்தில் அவன் எடுத்தது கண்ணாடி. அதற்குள் இருந்த பிள்ளையை எட்டி அடித்தான்.

அக்கா கடைசியாகத்தான் வந்து அவனைத் தூக்கினா. அவன் அவவின் சுட்டுவிரலைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோனான். எடுக்காமல் அப்படியே விட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றா.


ஓகஸ்ட் 21, வியாழன்

நல்லூர்த் தேர். விடியமுன் நடந்தோம். வீதியெல்லாம் மண் பரவி, செருப்பில்லாமல் சனக்கடல். சண்முகர் தேரேறினபோது எழுந்த "அரோகரா"வில் பிள்ளை என் மகனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அர்ச்சனை இப்போதும் ஒரு ரூபாதான். நான் பத்துப் பேருக்குச் செய்தேன், பத்தாவது பெயர் அக்காவின் மகனுடையது. நட்சத்திரம் எனக்குத் தெரியும், பூசம்.

கால் வீங்கிவிட்டது. இதற்கு மேல் எழுத ஏலாது.


ஓகஸ்ட் 22, வெள்ளி

காலையில் மகன் என்னைச் செம்மணிக்குக் கூட்டிப்போனான். நல்ல காரியம் நடந்த வீட்டில் இருந்து மயானத்துக்குப் போவதா என்று மூத்தவள் தயங்கினாள். நான் போய் வந்து தலை முழுகுகிறேன் என்றேன். உள்ளே போக விடமாட்டார்கள் என்று தெரியும். வீதிக்கரையில் நின்றோம். தகரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காற்று உப்பு மணத்தோடு வந்தது. மகன், "அவன் என்னைவிட வேகமா ஓடுவான் அம்மா" என்றான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "அண்டைக்கு நான்தான் தள்ளிவிட்டனான்" என்றான்.

இருபத்தொன்பது வருசத்தில் அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் போய்ச் சொல்லட்டோ என்று கேட்டான். போ என்றேன். அவன் போய்விட்டு வந்து என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அக்கா எள்ளுருண்டை கொடுத்து விட்டிருக்கிறா, கனடாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி.

இப்போது ரயிலில் இருந்து எழுதுகிறேன். வெளிக்கிடும்போது பிள்ளை நித்திரை. பக்கத்துப் பல்லும் வீங்கி வெள்ளையாகத் தெரிகிறது என்று பேத்தி சொன்னாள், ஒரு கிழமையில் வெட்டிவிடும். மிச்சத் தண்ணியில் அரைப் போத்தல் கொண்டுவருகிறேன்.

புங்கன்குளம் தாண்டி வண்டி வேகம் எடுத்தபோது மூத்தவள் என் மடியைப் பார்த்தாள். மேலே தட்டில் வைக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தாங்கோ அம்மா, நான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

கொடுத்தேன். தன் கைப்பைக்குள் மடியாமல் செருகி, சிப்பை இழுத்து, பையை அணைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொடிகாமம் வரும்வரை என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.